தாழிகளும் அட்டவணைகளும்

பொதிகைமலையிற் பிறந்து கீழ்த்திசை நோக்கிப் பாயும் தாமிரபரணி, கடலை அடைவதற்குமுன் கடைசியாக ஓர் அணையில் தேங்கி நிற்கிறது. ஸ்ரீவைகுண்டம் அணை என்பது அதன் பெயர். அங்கிருந்து வடகால், தென்கால் என இரு கால்வாய்கள் பிரிந்து வயல்களுக்கும் குளங்களுக்கும் நீரூட்டுகின்றன. குமரகுருபர அடிகள் பிறந்த ஊரும் இதுவே. இவ்வூரின் பெயரால் அமைந்த வட்டத்தில், ஆற்றின் தென்கரையில், திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் சாலையை ஒட்டி ஒரு பரம்பு இருக்கிறது. அது 114 ஏக்கர் பரப்புள்ள சரளைமண் மேடு. ஆற்றங்கரை வயல்களை உழவுக்கு விட்டுவிட்டு, விளையாத நிலத்தை இறந்தோர்க்கு ஒதுக்கினர் போலும் பண்டையோர். அம்மேட்டின் அடியில் முதுமக்கள் தாழிகள் வரிசை வரிசையாகப் புதைந்து கிடக்கின்றன. அதுவே ஆதிச்சநல்லூர்.

1876-ஆம் ஆண்டில் பெர்லின் நகரத்து அறிஞர் ஜாகோர் என்பார் இங்கு வந்து அகழ்ந்தார். அவர் எடுத்த பொருள்கள் கப்பலேறி ஜெர்மனி சென்றன. பின்னர், 1899-ஆம் ஆண்டு தொடங்கிச் சில ஆண்டுகள் தொல்லியல் துறையைச் சேர்ந்த அலெக்சாண்டர் ரீ விரிவாக அகழ்ந்தார். பொன்னாலான நெற்றிப்பட்டங்கள், வெண்கல உருவங்கள், இரும்பு வாள்கள், ஈட்டிகள், மட்கலங்கள் எனப் பல நூறு பொருள்கள் வெளிப்பட்டன. அவற்றின் விவரப்பட்டியலை 1915-இல் சென்னை அருங்காட்சியகம் நூலாக வெளியிட்டது. 1904-இல் லாப்பிக் என்னும் பிரெஞ்சு அறிஞரும் இங்கே தோண்டிச் சிலவற்றைப் பாரிசுக்குக் கொண்டு சென்றார். நூறு ஆண்டுகள் கழித்து, 2004-இல், தொல்லியல் துறையின் சத்தியமூர்த்தி தலைமையில் மீண்டும் அகழாய்வு நடந்தது. நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட தாழிகள் அப்போது கண்டெடுக்கப்பட்டன. இவ்வாறு ஒரே மேட்டிற் கிடந்த பொருள்கள் இன்று பெர்லினிலும் பாரிசிலும் சென்னை எழும்பூரிலும் பிறவிடங்களிலும் பிரிந்து கிடக்கின்றன.

அகழ்ந்தெடுத்த ஒரு வாளின் மதிப்பு அதன் இரும்பில் இல்லை. அது எந்தத் தாழியில், எத்தனை அடி ஆழத்தில், எவ்வெப் பொருள்களோடு சேர்ந்து கிடந்தது என்பதிலேயே இருக்கிறது. வாளும் நெல்லுமியும் ஒரே தாழியில் இருந்தன என்று தெரிந்தால், உமியின் காலத்தைக் கணித்து வாளின் காலத்தையும் கூறிவிடலாம். அவ்வுறவு மறந்துபோனால் வாள் வெறும் துருப்பிடித்த இரும்பே. பொருளைத் திருடர் கொண்டுபோனால் மீட்கவும் கூடும். உறவைத் தொலைத்தால் மீட்க வழியில்லை. ஏனெனில் தோண்டிய குழியை மறுமுறை தோண்ட முடியாது.

இவ்வுறவுகளை எழுதிக் காக்கும் கலையைக் கணிப்பொறியில் தரவுத்தளம் என்பர். இதனைக் கற்க விரும்பும் ஸ்ரீவைகுண்டத்து மாணவி ஒருத்தி ஆதிச்சநல்லூர்ப் பொருள்களுக்கு ஒரு பதிவுச் செயலியை அமைக்க முற்படுகிறாள் என்று கொள்வோம். அவளுக்கு வரக்கூடிய இடர்கள் யாவும் உலகெங்கும் இத்தொழிலைக் கற்பார் அனைவருக்கும் வருவனவே.

முதலில் அவள் ஒரு பேரேட்டை எண்ணிப் பார்க்கிறாள். தாழிக்கு ஒரு வரி. அதன் எண், குழி, ஆழம், உள்ளே இருந்த பொருள்கள். எழுதத் தொடங்கியதும் இடர் எழுகிறது. ஒரு தாழியில் மூன்று பொருள்கள், மற்றொன்றில் பதினைந்து, வேறொன்றில் ஒன்றுமே இல்லை. பொருளுக்கென்று எத்தனை பத்திகளை விடுவது? சரி, பொருளுக்கு ஒரு வரி என்று மாற்றினால், ஒரே தாழியின் ஆழத்தைப் பதினைந்து முறை எழுதவேண்டும். பின்னொரு நாள் ஆழத்தைத் திருத்தும்போது பதினான்கு வரிகளைத் திருத்திவிட்டு ஒன்றை மறந்துபோவது மனித இயல்பு. அன்று முதல் அப்பேரேடு ஒரே தாழியைப்பற்றி இருவேறு செய்திகளைச் சொல்லும். எது மெய் என்று எவரும் அறியார்.

இதற்கு வழி கண்டவர் எட்கர் காட் என்னும் ஆங்கிலேயர். அவர் 1923-இல் பிறந்தார், கணிதம் பயின்றார், இரண்டாம் உலகப் போரில் விமானியாகப் பணியாற்றினார், பின்பு அமெரிக்காவில் ஐ.பி.எம். நிறுவனத்தில் ஆய்வாளரானார். 1970-இல் அவர் வெளியிட்ட ஒரு கட்டுரை, செய்திகள் அனைத்தையும் எளிய அட்டவணைகளாக வைக்கலாம் என்றது. ஒவ்வோர் உண்மையும் ஓரிடத்தில் மட்டும் எழுதப்படவேண்டும். ஓர் அட்டவணையை மற்றோர் அட்டவணையோடு பொதுவான ஒரு மதிப்பாலேயே தொடர்புபடுத்த வேண்டும். அதுவரை இருந்த தரவுத்தளங்களில் ஒரு செய்தியை அடைய அது வட்டில் எங்கே, எந்த வழியில் இருக்கிறது என்பதை அறிந்திருத்தல் வேண்டும். காட் அத்தேவையை நீக்கினார். இதற்காக 1981-இல் கணிப்பொறித் துறையின் உயரிய டூரிங் பரிசு அவருக்கு வழங்கப்பெற்றது.

காட் காட்டிய வழியில் நம் மாணவி இரண்டு அட்டவணைகளை அமைக்கிறாள். தாழி அட்டவணையில் தாழி எண், குழி, ஆழம் ஆகியவை உள்ளன. பொருள் அட்டவணையில் பொருள் எண், வகை, இப்போது இருக்கும் இடம், கிடைத்த தாழியின் எண் ஆகியவை உள்ளன. ஆழம் ஒரே ஓரிடத்தில் நிற்கிறது. பதினைந்து பொருள்களும் அத்தாழியின் எண்ணைச் சுட்டுகின்றன. இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்போது அவ்வெண்ணைக் கொண்டு கணிப்பொறி இணைத்துத் தருகிறது. பெர்லினில் இருக்கும் ஒரு பொருளும் எழும்பூரில் இருக்கும் ஒரு பொருளும் ஒரே தாழியைச் சுட்டுமாயின், ஆயிரக்கணக்கான கல் தொலைவைக் கடந்து அவை திரையில் மீண்டும் ஒன்றுகூடும்.

அட்டவணைகளை நோக்கி வினா எழுப்புவதற்கு ஒரு மொழி வேண்டுமன்றோ? ஐ.பி.எம். ஆய்வாளர்களான சேம்பர்லின், பாய்ஸ் இருவரும் 1974-இல் அத்தகைய மொழி ஒன்றை அமைத்து, சீக்குவல் எனப் பெயரிட்டனர். அப்பெயர் வேறொரு நிறுவனத்தின் வணிகச் சின்னமாக இருந்தமையால், பின்பு எஸ்.கியூ.எல். என்று சுருக்கப்பட்டது. இம்மொழியின் தனித்தன்மை, வேண்டுவது இன்னது என்று சொன்னாற் போதும், எவ்வாறு தேடுவது என்று சொல்லவேண்டியதில்லை என்பதே. ‘பத்தடிக்குக் கீழே கிடந்த தாழிகளில் இருந்த வெண்கலப் பொருள்களைக் காட்டு’ என்று அதன் இலக்கணப்படி எழுதினால், வழியைக் கணிப்பொறியே வகுத்துக்கொள்ளும். 1986-இல் அமெரிக்காவும் 1987-இல் பன்னாட்டுத் தர நிறுவனமும் இதற்கு நியமம் வகுத்தன.

நியமம் ஒன்று; அதைப் பேசுவோரோ பலர். நெல்லைத் தமிழும் தஞ்சைத் தமிழும் கொங்குத் தமிழும் ஒரே மொழியாயினும் சொல்லும் தொனியும் வேறுபடுதல்போல, எஸ்.கியூ.எல். மொழியும் ஒவ்வொரு தரவுத்தள எந்திரத்திலும் வட்டார வழக்குப் பெற்றுவிட்டது. ஆரக்கிள் நிறுவனம் 1979-இல் தன் எந்திரத்தை விற்பனைக்குக் கொணர்ந்தது. பெர்க்கிலிப் பல்கலைக்கழகத்தில் ஸ்டோன்பிரேக்கர் 1986-இல் தொடங்கிய ஆய்விலிருந்து தோன்றியது போஸ்ட்கிரெஸ். ஸ்வீடன் நாட்டில் 1995-இல் பிறந்தது மைஎஸ்கியூஎல். அதை உருவாக்கியவருள் ஒருவரான விடேனியஸ் தம் மகளின் பெயரையே அதற்கு இட்டார். மைக்ரோசாப்ட் நிறுவனமும் தனக்கென ஓர் எந்திரம் வைத்திருக்கிறது. இவற்றிற்கெல்லாம் இளையது எஸ்கியூலைட். அமெரிக்கக் கடற்படையின் போர்க்கப்பலுக்கான மென்பொருளில் பணியாற்றிய ரிச்சர்ட் ஹிப், தரவுத்தள வழங்கி நின்றுபோனால் தம் நிரலும் பயனற்றுப் போவதைக் கண்டு சலித்து, வழங்கியே தேவைப்படாத எந்திரம் ஒன்றை 2000-ஆம் ஆண்டில் எழுதினார். முழுத் தரவுத்தளமும் ஒரே கோப்பில் அடங்கும். இன்று ஏறத்தாழ ஒவ்வொரு கைப்பேசியிலும் அது இருக்கிறது.

குழியின் ஓரத்தில், மின்வசதியும் இணைய வசதியும் இல்லாத இடத்தில், மடிக்கணினியில் பதிவதற்கு எஸ்கியூலைட்டே ஏற்றது. ஆகவே மாணவி அதிலிருந்து தொடங்குகிறாள். ஆனால் பலர் ஒரே நேரத்தில் பதியும் அலுவலகத்திற்குப் போஸ்ட்கிரெஸ் போன்ற எந்திரம் வேண்டும். வேறோர் அருங்காட்சியகம் மைஎஸ்கியூஎல் வைத்திருக்கலாம். ஒரே செயலி மூன்றிலும் இயங்கவேண்டும் என்பது அவள் எண்ணம். முதல் பத்து வரிகளை மட்டும் கேட்பதற்குப் போஸ்ட்கிரெஸ்ஸிலும் மைஎஸ்கியூஎல்லிலும் ‘லிமிட்’ என்று எழுதவேண்டும். மைக்ரோசாப்டின் எந்திரத்திற்கு ‘டாப்’ என்று எழுதவேண்டும். இத்தகைய வேறுபாடுகளால் அச்சமில்லை. எழுதியது தவறானால் எந்திரம் உடனே மறுத்துவிடும், திருத்திக்கொள்ளலாம். மறுக்காமல் வாங்கிக்கொண்டு வேறொன்றாக மாற்றிவைக்கும் வேறுபாடுகளே கொடியவை.

களத்தில் ஒருவர் ஆழம் என்னும் பத்தியில், எண்ணுக்குப் பதிலாக, ‘இரண்டரை அடி’ என்று சொற்களில் எழுதிவிடுகிறார். போஸ்ட்கிரெஸ் இது எண் அன்று என்று மறுத்துவிடும். எஸ்கியூலைட்டோ, பத்தியை எண்ணுக்கென்று அறிவித்திருந்தாலும், அச்சொற்களை அப்படியே ஏற்று வைத்துக்கொள்ளும். வகையைக் கண்டிப்பாகக் காக்கும் அட்டவணைகளை 2021-இல்தான் அது அறிமுகப்படுத்தியது. அதையும் நாம் கேட்டாலொழியத் தராது. மைஎஸ்கியூஎல்லின் பழைய பதிப்புகள் செய்தது இன்னும் விபரீதம். அவை சொற்களை நீக்கிச் சுழியத்தை எழுதி, ஓர் எச்சரிக்கையை மட்டும் மெல்ல முணுமுணுத்துவிட்டு நகர்ந்துவிடும். இரண்டரை அடி ஆழத்தில் இருந்த தாழி அன்றே தரைமட்டத்திற்கு வந்துவிடும்! 2015-இல் வந்த பதிப்பிலிருந்துதான் கண்டிப்பு இயல்பான நிலையாயிற்று.

தாழி அட்டவணையில் இல்லாத ஓர் எண்ணைப் பொருள் அட்டவணை சுட்டலாகாது. இதை அயற்சாவி என்பர். ஊரில் இல்லாத வீட்டை முகவரியாகக் கொடுப்பவனைப் பதிவேட்டில் ஏற்காதிருப்பது போன்றது இது. அயற்சாவியைப் போஸ்ட்கிரெஸ் எப்போதும் காக்கும். எஸ்கியூலைட்டில் அக்காவலை ஒவ்வொரு முறை தொடர்பு கொள்ளும்போதும் தனிக் கட்டளையிட்டு எழுப்பவேண்டும். எழுப்பாவிட்டால் அது உறங்கும். மைஎஸ்கியூஎல்லில் 2010-ஆம் ஆண்டுவரை இயல்பாக அமைந்திருந்த சேமிப்பு முறை, அயற்சாவி விதியை எழுதினால் ஏற்றுக்கொள்ளும். ஆனால் அதன்படி ஒழுகாது. நம் மாணவி தவறுதலாக ஒரு தாழியின் வரியை அழித்துவிட்டால், அத்தாழியின் பதினைந்து பொருள்களும் இல்லாத தாழியைச் சுட்டிக்கொண்டு அநாதைகளாக நிற்கும். குழியை மறுமுறை தோண்ட முடியாது என்று மேலே கூறியது இங்கே நினைவுக்கு வரவேண்டும்.

அதனினும் நுட்பமான வேறுபாடு ஒன்றுண்டு. மட்கலத்தின்மேல் கீறல் எழுத்து இருக்கிறதா என்பதற்கு ஒரு பத்தி வைக்கப்படுகிறது. கலத்தைத் துடைத்துப் பார்த்து, எழுத்து ஒன்றும் இல்லை என்று அறிந்தால், அங்கே வெற்றுச்சரத்தை எழுதலாம். இன்னும் மண்ணைத் துடைத்துப் பார்க்கவே இல்லை என்றால், ‘நல்’ என்னும் அறியாமைக் குறியை இடவேண்டும். இல்லை என்பது அறிவு. தெரியாது என்பது அறிவின்மை. மற்றை எந்திரங்கள் இவ்விரண்டையும் வேறாக வைக்கும். ஆரக்கிளோ வெற்றுச்சரத்தையும் நல் என்றே கொள்ளும். அதிற் சேர்த்த அளவில், துடைத்த கலங்களும் துடைக்காத கலங்களும் ஒன்றாகிவிடும். ஒருவர் மாதக்கணக்கில் அமர்ந்து துடைத்த உழைப்பு ஒரு நொடியில் மறையும். இதனால் அறிவுடையோர் வெற்றிடத்திற் பொருளை ஏற்றுவதில்லை. ‘பார்க்கப்பட்டது’ என்பதற்கே தனிப் பத்தி வைத்துவிடுவர்.

வகுத்தல் கணக்கிலும் எந்திரங்கள் ஒன்றுபடவில்லை. இரண்டு தாழிகளில் ஏழு பொருள்கள் என்றால், தாழிக்குச் சராசரி எத்தனை? ஏழை இரண்டால் வகுக்கச் சொன்னால், மைஎஸ்கியூஎல்லும் ஆரக்கிளும் மூன்றரை என்று விடை தரும். போஸ்ட்கிரெஸ், எஸ்கியூலைட், மைக்ரோசாப்ட் ஆகியவை முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் முழு எண்ணே வரவேண்டும் என்னும் கொள்கையுடையவை. எனவே மூன்று என்று கூறும். இரண்டும் அவரவர் விதிப்படி சரியே. செயலியை எழுதியவர் இதை அறியாமல் இருந்தால், அறிக்கை ஊருக்கு ஊர் மாறும்.

தமிழில் எழுதுவோர்க்குத் தனியே சில இடர்கள் உள. ‘முத்து’ என்னும் சொல்லில் எத்தனை எழுத்து என்று கேட்டால், கொற்கைக் கரையின் சிறுபிள்ளையும் மூன்று என்று விடை கூறும். போஸ்ட்கிரெஸ் ஆறு என்னும். யூனிகோடு முறையில் மகரம், உகரக்குறி, தகரம், புள்ளி, தகரம், உகரக்குறி என ஆறு குறியீடுகள் இருப்பதே காரணம். மைஎஸ்கியூஎல்லில் நீளம் என்னும் அதே பெயருள்ள கட்டளை பைட்டுகளை எண்ணிப் பதினெட்டு என்னும். ஏனெனில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டிற்கும் மூன்று பைட்டுகள் வேண்டும். பத்தியின் அகலத்தை வரையறுப்பவர் இதை அறியாவிடின், நீண்ட தமிழ்ப் பெயர்கள் பத்தியில் அடங்காமற் போகும்.

அகரவரிசையிலும் இதே இடர். ஆதிச்சநல்லூரில் பாவையும் உண்டு, பானையும் உண்டு. நெடுங்கணக்கில் வகரத்திற்குப் பின்னரே னகரம் வருவதால், பாவை முன்னும் பானை பின்னும் நிற்றல் வேண்டும். யூனிகோட்டிலோ னகரம் நகரத்தை அடுத்து வைக்கப்பட்டிருக்கிறது. குறியீட்டு எண்ணையே நோக்கி வரிசைப்படுத்தும் எஸ்கியூலைட், பானையை முன்னே தள்ளிவிடும். போஸ்ட்கிரெஸ்ஸில் தமிழ் வரிசைக்குரிய விதியை வேண்டிப் பெறலாம், ஆனால் வேண்டவேண்டும். அகராதி பார்க்கத் தெரிந்த எவரும் இத்தவற்றைக் கண்டுவிடுவர் என்பது ஓர் ஆறுதல்.

இத்தனை வேறுபாடுகளையும் ஒரு செயலி எவ்வாறு தாங்கும்? தேர்ந்தோர் கைக்கொள்ளும் முறை, எந்திரத்தோடு பேசும் பகுதியைச் செயலியின் பிற பகுதிகளிலிருந்து பிரித்து, ஒரு துபாஷியைப்போல் நடுவே நிறுத்துவது. திரையை வரையும் பகுதியும், அறிக்கையை அமைக்கும் பகுதியும் ‘இத்தாழியின் பொருள்களைத் தா’ என்று அத்துபாஷியிடம் மட்டும் கேட்கும். எந்த வட்டார வழக்கில் அதைச் சொல்வது என்பது துபாஷியின் கவலை. சென்னையைத் தலைமையிடமாகவும், தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் ஓர் அலுவலகமும் கொண்ட சோஹோ நிறுவனம் இதற்கு அண்மையிலுள்ள சான்று. அந்நிறுவனத்தின் மேனேஜ்எஞ்ஜின் வரிசையிலுள்ள மென்பொருள்கள் பல, போஸ்ட்கிரெஸ்ஸை உடன் சேர்த்தே வருகின்றன. வேண்டுவோர் மைக்ரோசாப்டின் எந்திரத்திற்கு மாற்றிக்கொள்ளவும் இடமுண்டு. பயன்படுத்துவோர் காணும் திரையில் வேறுபாடு இல்லை.

துபாஷி இருந்தாலும் சோதனை வேண்டும். ஒரே சோதனைத் தொகுப்பை எல்லா எந்திரங்களின்மீதும் ஓட்டுவதே நம்பத்தக்க வழி. நம் மாணவி எழுதும் சோதனைகள் பெரியன அல்ல. ‘இரண்டரை அடி’ என்று எழுதினால் மறுக்கப்படவேண்டும். இல்லாத தாழிக்குப் பொருள் சேர்த்தால் மறுக்கப்படவேண்டும். துடைத்த கலமும் துடைக்காத கலமும் வேறாக எண்ணப்படவேண்டும். ஏழை இரண்டால் வகுத்தால் மூன்றரை வரவேண்டும். பாவைக்குப் பின்னரே பானை வரவேண்டும். ஒரு தாழியையும் அதன் பொருள்களையும் எழுதிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் நின்றுவிட்டால், ஒன்று அனைத்தும் பதிவாகியிருக்க வேண்டும். அல்லது எதுவுமே பதிவாகியிருக்கக் கூடாது. கடைசிச் சோதனைக்குரிய ஏற்பாட்டைப் பரிவர்த்தனை என்பர். கோடைக்காலத்து ஊர்களில் இதன் அருமை எளிதில் விளங்கும்.

எஸ்கியூலைட்டிலிருந்து போஸ்ட்கிரெஸ்ஸுக்கு முதன்முறை மாறும் நாளில், இச்சோதனைகளுள் பல தோற்கும். அதுவரை எஸ்கியூலைட் வாய்மூடி ஏற்றுக்கொண்டவற்றைப் போஸ்ட்கிரெஸ் ஒவ்வொன்றாகக் குற்றம் சாட்டும். தொடக்கத்திற் கற்போர் புதிய எந்திரத்தைக் கடிந்துகொள்வது வழக்கம். சற்றுப் பொறுத்து நோக்கினால், குற்றங்கள் முன்பே இருந்தன என்பதும், இப்போதே வெளிப்பட்டன என்பதும் புலனாகும். எழுத்தாக நுழைந்த ஆழங்கள் எத்தனை, தாழியற்ற பொருள்கள் எத்தனை என்று எண்ணி, களக்குறிப்பேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் திருத்தவேண்டும். குறிப்பேட்டை எழுதியவர் அருகில் இருக்கும்போதே இவ்வேலையை முடித்துவிடுதல் நலம்.

1915-இல் அச்சான ரீயின் பட்டியலை இன்றும் நூலகத்தில் எடுத்துப் படிக்கலாம். அதற்கு எந்திரம் எதுவும் தேவையில்லை. கணிப்பொறிக் கோப்புகளுக்கு அத்தகைய ஆயுள் அரிது. எஸ்கியூலைட்டைக் காத்துவருவோர், அதன் கோப்பு முறையை 2050-ஆம் ஆண்டுவரை பேணுவதே தங்கள் நோக்கம் என்று அறிவித்திருக்கின்றனர். மாணவி அதை நம்புகிறாள். ஆயினும் வாரந்தோறும் இரண்டு அட்டவணைகளையும் எந்த எந்திரமும் படிக்கத்தக்க வெற்றெழுத்துக் கோப்பாகவும் எடுத்து வைக்கிறாள். அதன் முதல் வரியில் பத்திகளின் பெயர்கள் தமிழில் இருக்கின்றன: தாழி எண், குழி, ஆழம், அளவு அடியிலா மீட்டரிலா என்பது.